புதுச் சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் அம்மா இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்கதவுப் பூட்டு. தோட்டத்து லயத்தை விட்டு இங்கே குடிவந்ததிலிருந்து இதே பூட்டுதான். தங்கையிடமும் ஒன்று இருக்கட்டும் என்று கடைவீதியில் மாற்றுச் சாவி வெட்டினேன். உள்ளே சரியாகப் போகிறது, ஆனால் திரும்பவில்லை. மயிரிழை வெளியே இழுத்துப் பிடித்தால் திரும்புகிறது. அம்மாவின் சாவியில் எந்தத் தொல்லையும் இல்லை. பூட்டையே மாற்ற வேண்டுமா? இரண்டு சாவியின் படத்தையும் போட்டிருக்கிறேன்.

கித்தாமரம்:
கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க அண்ணே. எங்கள் கேட் பூட்டு அப்படித்தான் சரியானது.

பழைய சாவிக்கடை:
முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பல் தெளிவாகத் தெரிந்தால், படத்தைப் பார்த்தே இன்னொரு சாவி வெட்டலாம். 2008-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே அதைச் செய்து காட்டினார்கள்.

சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துப் போகும். கிராஃபைட் தூள் போடலாம், அதுவும் அப்புறம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புதுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திரும்பினால் குறை சாவியில் இல்லை. கதவு இறங்கி, பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் உள்ள துளையில் இடிக்கிறது என்று அர்த்தம்.

தோட்டத்துப்பிள்ளை:
படத்தை எடுத்துவிட்டேன். கதவு திறந்திருந்தாலும் அதே கதைதான்.

பழைய சாவிக்கடை:
அப்படியானால் பூட்டை மாற்ற வேண்டாம், சாவி தள்ளி வெட்டப்பட்டிருக்கிறது.

வெட்டும் இயந்திரத்தில் சாவியை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வைஸ் இருக்கும். ஒன்றில் உங்கள் சாவி, மற்றதில் பல் இல்லாத பிளாங்க். இரண்டும் ஒரே தட்டில் இருப்பதால் சேர்ந்தே நகரும். உங்கள் சாவியின் பல்மேல் ஓர் ஊசி ஏறி இறங்கும்; அதே நேரம் சுழலும் சக்கரம் பிளாங்கை அதே ஏற்ற இறக்கத்தில் வெட்டும். கைப்பிடியை ஒட்டி ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். சாவி பூட்டுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பதை அதுதான் நிறுத்துகிறது. வைஸில் மாட்டும்போது இரண்டு சாவியின் விளிம்பும் ஒரே நேரில் நிற்க வேண்டும். அவசரத்தில் அது பிசகினால் எல்லாப் பல்லும் ஒரேயடியாக நகர்ந்துவிடும். பூட்டுக்குள் சின்னச் சின்னக் கம்பிகள் இருக்கும், ‘பின்’ என்போம்; பள்ளத்தின் அடியில் உட்கார வேண்டிய அந்தக் கம்பி சரிவில் ஏறி நிற்கும், பூட்டு திரும்பாது. வெளியே இழுத்தால் திரும்புகிறது என்றால் பல் நுனிப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு சாவியையும் விளிம்பு பொருந்த ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டுங்கள்.

தாமான் தாத்தா:
அரத்தால் லேசாக ராவினால் போச்சு!

பழைய சாவிக்கடை:
ஐயா, பிசிறு இருந்தால் ராவலாம். பள்ளத்தை ராவக்கூடாது. சில அமெரிக்கப் பூட்டுகளில் ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் 0.015 அங்குலம்தான், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். கையால் ராவி அதைப் பிடிக்க முடியாது. பள்ளம் ஆழமாகிவிட்டால் அந்தப் பித்தளையைத் திரும்ப ஒட்டவா முடியும்?

தோட்டத்துப்பிள்ளை:
வெளிச்சத்தில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே நுனிப் பக்கம் நகர்ந்திருக்கிறது. அம்மாவின் சாவியில் பல்லெல்லாம் மழுங்கியும் இருக்கிறது. அதிலிருந்தே மறுபடி வெட்டலாமா?

பழைய சாவிக்கடை:
வேறு வழி இல்லாவிட்டால் மட்டும். அந்தச் சாவியும் அந்தப் பூட்டும் சேர்ந்தே தேய்ந்தவை, அதனால்தான் ஒத்துப்போகின்றன. தேய்மானம் புதுச் சாவிக்கும் வரும், அதன்மேல் இயந்திரத்தின் பிசகும் சேரும். போட்டோஸ்டேட் தாளை மறுபடி போட்டோஸ்டேட் அடித்த மாதிரிதான். பூட்டோடு வந்து புழங்காமல் கிடக்கும் சாவி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். சாவியில் எண் பொறித்திருந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள். அது வெட்டு எண்ணாக இருந்தால், சாவியையே பார்க்காமல் கம்பெனி அளவுக்கு வெட்டலாம். சில சாவிகளில் அது வெறும் பிளாங்க் எண்.

தோட்டத்துப்பிள்ளை:
சாமி அறை டப்பாவில் ஒன்று கிடந்தது, மேலே களிம்பு மட்டும்தான். அதை வைத்து அதே கடையில் மறுபடி வெட்டினேன். முகம் சுளிக்காமல், காசும் வாங்காமல் செய்து கொடுத்தார். கம்பித் தூரிகைச் சக்கரத்தில் பிசிறையும் தேய்த்துவிட்டார். இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்புகிறது.

கித்தாமரம்:
அண்ணே, அப்படியே என் சந்தேகமும். கார் சாவியையும் அங்கேயே வெட்டலாமா?

பழைய சாவிக்கடை:
பிடிக்குள் சிப் இருந்தால் வெட்டினது மட்டும் போதாது. கதவு திறக்கும், இஞ்சின் ஓடாது. சிப்பைப் பதிந்து கொடுக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இங்கே இல்லாவிட்டால் ஈப்போவில் பார்க்கலாம்.