புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன கொரோலா கேஈ70 – காரணம் கண்டென்சர்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: யாழ்ப்பாணத்தில் விலைக்கு வந்த 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா கேஈ70, இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் கிளம்புகிறது, வாங்கலாமா? பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

பெரும்பாலானோர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கைகாட்டினீர்கள். விற்பவரின் சம்மதத்தோடு கழற்றிக் கழுவியும் பலனில்லை. ஒருவர் ஒற்றை வரியில் எழுதிய ‘கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்’ என்பதுதான் விடை. டிஸ்ட்ரிபியூட்டரோடு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) இருக்கும் அந்தச் சிறு உருளை சூடேறினால் செயலிழக்கிறது. பாயிண்டில் (அதனுள்ளே மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) பொறி சிதற, பிளக்குக்குப் போதுமான பொறி வருவதில்லை. கார் நின்றவுடன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம்: மங்கிய மஞ்சள் பொறி. புதியதைப் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.45 மி.மீ. வைத்தோம். மறுநாள் கிளிநொச்சி போய்வந்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.

எதிர்பாராதது வேறு. பதிவுப் புத்தகத்தில் 4கே எஞ்சின், 1290 சிசி. பிளாக்கில் பொறித்திருந்ததோ 5கே, அதாவது 1486 சிசி! ஏதோ வேனின் எஞ்சினை யாரோ பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு நல்லதுதான், பெயர் மாற்றத்துக்கு அல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விற்றவர் அந்த மாற்றத்தைப் பதிந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

பாடியில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. பின்சக்கர வளைவில் அது ஒட்டவே இல்லை. உள்ளே இரும்புத் தகட்டுக்குப் பதில் முழுக்கப் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை. விலையில் குறைத்துக்கொண்டேன். வெல்டிங் இன்னும் பாக்கி.