இந்தோனேசியாவில், ஜகார்த்தாவுக்குத் தெற்கே உள்ள டெபோக் நகரத்தின் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்: வயல் இருந்த தடம் எதையாவது பார்த்தீர்களா?

பழத்தோட்டம்:
மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். டெபோக்கின் பிரதான சாலையான மார்கொண்டா எவ்வளவு நெரிசலாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதன் பின்சந்தில், புது அடுக்குமாடிச் சுவரை ஒட்டி நாலே நாலு பெலிம்பிங் மரம். டெபோக்கின் நட்சத்திரப் பழம்தான். பழ ஈ தொடாமல் இருக்க, ஒரு பெரியவர் பிஞ்சு பிஞ்சாக உறை கட்டிக்கொண்டிருந்தார். பழம் விலைக்குக் கேட்டேன். பழுத்த ஒன்றை உறை பிரித்துக் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை. "அடுத்த வாரம் இடத்தைக் காலி பண்ணணும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த பிஞ்சுக்குப் போய்விட்டார். அதற்குள் அது பழுக்காது.

கோஸ்வாசி:
வயல்கள் மறைந்ததெல்லாம் 1976-ல் பெரும்னாஸ் என்ற அரசு வீட்டுவசதி நிறுவனத்தின் வீடுகள் வந்ததில் தொடங்கியது. 1987-ல் இந்தோனேசியப் பல்கலைக்கழகமும் இங்கே வந்துவிட்டது. மாணவர்களுக்கு அறை விட்டால் வரும் காசு தோட்டத்தில் வருமா? நான் தங்கியிருந்த கோஸ் (வாடகை அறை) வீட்டு அம்மா ஒருநாள் நான் பைக் நிறுத்தும் சிமெண்ட் பலகையைக் காட்டி, "அது எங்க வயல் கிணறு" என்றார். இரண்டு வருஷம் அதன் மேல்தான் நிறுத்தியிருக்கிறேன்.

ரயில்பயணி:
பெரும்னாஸிலிருந்து ஆரம்பிப்பது சரியில்லை நண்பரே. டெபோக் நிலத்தின் டச்சு உரிமையாளர் கொர்னேலிஸ் சாஸ்தலைன் 1714-ல் இறந்தபோது, அடிமைகளை விடுவித்து நிலத்தையும் அவர்களுக்கே உயிலில் எழுதிவைத்தார். அவர்களுக்கு 12 குடும்பப் பெயர்கள். ரயில் 1873-லேயே வந்துவிட்டது, ஆனாலும் வயல்கள் வயல்களாகவே இருந்தன. 1952-ல் அரசு அந்த நிலங்களை எடுத்துக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. பழைய கல்லறையில் ஒரு பாட்டி அந்தப் பன்னிரண்டில் ஒன்றான லூன் என்ற பெயரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

அந்தப் பழைய பகுதியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டெபோக் பாரு ஸ்டேஷனில் இறங்காதீர்கள், பழைய டெபோக் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுவது நல்லது. அப்புறம், அந்த 12 குடும்பத்தாரை 'பெலாண்டா டெபோக்' (டெபோக் டச்சுக்காரர்) என்று தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை. அந்தப் பட்டப்பெயரைச் சுமந்ததால், சுதந்திரப் போராட்டக் கலவரத்தில், 1945 அக்டோபரில் வீடு சூறையாடப்பட்டு அடிபட்டவர்கள் அவர்கள். பேச்சுக் கொடுத்தால் முதலில் குடும்பப் பெயரைக் கேளுங்கள், அவர்களே பேசுவார்கள்.

பழத்தோட்டம்:
உயில் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. கோஸ்வாசி, அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்ததா?

கோஸ்வாசி:
இருந்தது. நாலு பேர் சேர்ந்து பலகையை நகர்த்தினோம். எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. அந்த அம்மா ஒரு வாளி இறைத்து வாசல் செடிக்கு ஊற்றினார்.