குழு மடல் பவுன்ஸ் ஆகி (போய்ச் சேராமல் திரும்பி வந்து), உறுப்பினர்கள் தானாக நிறுத்தப்படுகிறார்கள். உதவுங்களேன்

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழுவை 9 வருடமாக நடத்துகிறேன். மொத்தம் 212 பேர். திரைவாசிப்பானில் கேட்க வெறும் எழுத்து மடல்தான் வசதி என்பதால், வேறு செயலிக்கு மாற யாருக்கும் மனமில்லை. சர்வரில் மெயில்மேன் என்ற குழு மடல் மென்பொருள் (2.1.29) ஓடுகிறது.

மூன்று வாரமாகத் தினமும் காலையில் என் இன்பாக்ஸ் முழுக்கப் பவுன்ஸ் மடல்தான். அதைவிடப் பெரிய கவலை, 61 பேருக்கு மடல் போவதே நின்றுவிட்டது. நான் யாரையும் நிறுத்தவில்லை. ஒரு அம்மா போன் செய்து, "நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனாப்பா? என்னை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சர்வர் நிறுவனத்தைக் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில் 1:

பழைய முகவரிகளாக இருக்கும் சகோ. பவுன்ஸ் ஆகிறவர்களை நீக்கிவிட்டால் பட்டியல் சுத்தமாகிவிடும். ஜிமெயில் 2024 பிப்ரவரியில் மடல் அனுப்புகிறவர்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியதையும் பாருங்கள்.

பதில் 2:

தயவுசெய்து இப்போதைக்கு யாரையும் நீக்காதீர்கள். ஒரு பவுன்ஸ் மடலைத் திறந்து, 5 அல்லது 4-இல் தொடங்கும் எண் என்ன என்று பாருங்கள். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வரே மறுபடி முயலும். எண்ணைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

2024 விதியில் டிமார்க் (டொமைன், அதாவது முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர், தன் பெயரில் சான்றில்லாமல் வரும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை) கட்டாயம் என்பது நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு எஸ்.பி.எஃப் (அந்த டொமைனுக்காக எந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டி.கிம் (மடலில் பதியும் டிஜிட்டல் கையொப்பம்), இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன். ஏழெட்டு மடலில் 5.1.1. மற்ற எல்லாவற்றிலும் 550 5.7.26. அனுப்பியவரின் டொமைன் வைத்திருக்கும் டிமார்க் கொள்கைப்படி இந்த மடலை ஏற்க முடியாது என்று எழுதியிருக்கிறது. நிறுத்தப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் ஜிமெயில்காரர்கள். ஆனால் அவர்களுக்கு மற்ற இடங்களிலிருந்து மடல் ஒழுங்காக வருகிறதாம்!

பதில் 2:

அப்படியானால் பெறுகிறவர்களிடம் குற்றமே இல்லை. இந்த மூன்று வாரத்தில் யாகூ முகவரியிலிருந்து யாராவது அடிக்கடி எழுதுகிறார்களா?

யாகூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு டிமார்க் 'ரிஜெக்ட்' போட்டது. "என் பெயரில் வரும் மடலில் என் சான்று இல்லையென்றால் திருப்பி அனுப்பு" என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் கொள்கை அது. உலகம் முழுக்கக் குழு மடல்கள் அப்போதுதான் இப்படித் திரும்ப ஆரம்பித்தன.

குழுவில் என்ன நடக்கிறது என்றால், உறுப்பினர் எழுதிய மடலை உங்கள் சர்வர் வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் விலகுவதற்கான சுட்டியையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புகிறது. டி.கிம் என்பது அரக்கு முத்திரை மாதிரி. உள்ளே ஒரு வரி சேர்த்தாலும் உடைந்துவிடும். எஸ்.பி.எஃப் சோதனையில் மடல் தேறும், ஆனால் உங்கள் டொமைனின் பெயரில். அனுப்பியவரைக் காட்டும் 'ஃப்ரம்' வரியிலோ யாகூ இருக்கிறது. இரண்டும் பொருந்தாததால் ஜிமெயில் திருப்பிவிடுகிறது.

திருப்பியது ஜிமெயில் என்பதால், அந்தப் பவுன்ஸ் வாங்கியவர் கணக்கில் ஏறுகிறது. மெயில்மேன் ஒரு நாளைக்கு ஒரு பவுன்ஸைத்தான் எண்ணும். புள்ளி 5 ஆனதும் மடலை நிறுத்திவிடும். ஆக ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் எழுதினால் போதும், ஒரு பாவமும் அறியாதவர்களுக்கு மடல் நின்றுவிடும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

ஆமாம், யாகூதான்! புதிதாகச் சேர்ந்தவர், ஆர்வமாகத் தினமும் எழுதுகிறார். அவரை எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்ன செய்யலாம்?

பதில் 2:

அவர் தாராளமாக எழுதட்டும். நிர்வாகப் பக்கத்தில் பிரைவசி ஆப்ஷன்ஸ், அதற்குள் சென்டர் ஃபில்டர்ஸ். அங்கே 'டிமார்க் மாடரேஷன் ஆக்ஷன்' இருக்கும். 2.1.18-இல் வந்த வசதி, உங்களிடம் நிச்சயம் உண்டு. அதை 'மஞ்ச் ஃப்ரம்' என்று மாற்றுங்கள். இனி இப்படிப்பட்ட டொமைன் மடல்கள் மட்டும் குழு முகவரியிலிருந்து, 'இன்னார், குழு வழியாக' என்று போகும். மறுமொழி எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு சோதனை மடல் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் உறுப்பினர் பட்டியலில் 'நோமெயில்' கட்டத்தில் 'பி' என்று இருப்பவர்களுக்கு மட்டும் டிக்கை எடுங்கள். அது பவுன்ஸால் நின்றவர்களைக் குறிக்கும். 'யு' என்றால் அவர்களே நிறுத்திக்கொண்டது, அதைத் தொடக் கூடாது. 5.1.1 வந்தவர்களைத் தனியே விசாரியுங்கள்.

பதில் 3:

தலைப்பில் பெயரும் அடிக்குறிப்பும் சேர்க்காமல் அனுப்பினாலும் டி.கிம் பெரும்பாலும் உடையாது. ஆனால் விலகும் சுட்டி இல்லாமல் குழு நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் 'மஞ்ச் ஃப்ரம்'தான் வைத்திருக்கிறேன்.

கேட்டவர் (6 நாள் கழித்து):

மாற்றிவிட்டேன். 54 பேருக்கு டிக் எடுத்தேன். யாகூ நண்பர் தினமும் எழுதுகிறார், ஒரு 5.7.26 கூட வரவில்லை. இல்லாத முகவரி ஏழில் மூன்று பேரின் புதிய முகவரி போனில் கிடைத்தது. மற்ற நால்வரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் முதலில் பேசினேன். "அப்போ நான் எழுதலாமா?" என்றார். அன்று மாலையே அவருடைய மடல் குழுவுக்கு வந்தது.