எம்எஸ் இருந்தும் சிஆர்பி நார்மலாக வருமா?

தங்கைக்கு எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஈசூன் பாலிகிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் அளவுகள் இரண்டும் நார்மல், ஆனால் எம்ஆர்ஐயில் புதிதாக இரண்டு பாதிப்புப் புள்ளிகள். அழற்சி இருந்தால் ரத்தத்தில் தெரிய வேண்டாமா? அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மருந்தே வேண்டாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுமொழி 1
தம்பி, மருந்தை நிறுத்த விடாதீர்கள். சிஆர்பி கல்லீரலில் உருவாவது, உடம்பு முழுக்கப் பரவும் அழற்சிக்குத்தான் ஏறும். எம்எஸ் அழற்சி மூளை, தண்டுவடத்துக்குள்ளேயே நடப்பதால் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். எனக்கு 11 வருடமாக அப்படித்தான். ஒரே ஒரு தடவை ஏறியது, பார்த்தால் சிறுநீர்த் தொற்று, அதில் கால் மரத்துப் போனதைப் புது ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) என்று நினைத்து அழுதுவிட்டேன்.

மறுமொழி 2
நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதுவும் அழற்சியை நேரடியாக அளக்காது, நரம்பிழை சேதமானால் ஏறும். வயதானாலும் ஏறும், அதனால் ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. அப்புறம், அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பார்த்தார்களா? அது எம்எஸ் போலவே தெரியும் என்எம்ஓ என்ற வேறு நோய்க்கு. சில எம்எஸ் மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும்.

கேட்டவர்
பார்த்தார்கள், நெகட்டிவ். நன்றி அக்கா, அடுத்த அப்பாயின்மென்டுக்கு அம்மாவையும் அழைத்துப் போகிறேன்.