வுடி கத்ரி பாட்டைப் பாடுபவர் வெறும் நகலா?

பழையதந்தி:
ஆறு மாதமாகக் கிடார் பழகுகிறேன். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் பாடல்களை, இன்னொரு பாடகரான ராம்ப்ளின் ஜாக் எலியட் பாடி 1960-இல் வெளியிட்ட இசைத்தட்டுதான் தினமும் ஓடுகிறது. அறை நண்பன், "இன்னொருத்தர் குரலைக் காப்பி அடித்தவர்தானே" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கட்டைவிரல்:
காப்பிதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஜாக், நியூயார்க் புரூக்ளினில் ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை, 1951-இல் கத்ரியைப் பார்த்து அப்படியே ஒட்டிக்கொண்டார். நம் ஊரில் இதைக் குருகுலம் என்போம். கத்ரிக்கோ ஹண்டிங்டன் என்ற நரம்பு நோய். கை சொன்னபடி கேட்காமல் போய், 1967-இல் இறந்தார். மகன் ஆர்லோவே அப்பாவின் பாட்டை ஜாக்கிடம்தான் கற்றார். நண்பனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மழைக்காலம்:
அந்த இசைத்தட்டில் '1913 படுகொலை' என்ற கத்ரி பாட்டைக் கேட்டீர்களா? மிச்சிகன் மாநிலம் காலுமெட்டில், சுரங்கத் தொழிலாளர்களின் கிறிஸ்துமஸ் விழா. யாரோ "தீ" என்று கத்த, மாடிப்படியில் நசுங்கி 73 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். ஜாக் அதை அழுது வடிக்காமல், நடந்ததைச் சொல்வதுபோலப் பாடுவார். நான் ஒரு கல்யாண வீட்டில் (ஆமாம், முட்டாள்தனம்தான்) உருகி உருகிப் பாடினேன். பெண்ணின் பெரியப்பா எழுந்து வந்து மைக்கை அணைத்துவிட்டார்.

பழையதந்தி:
கல்யாண வீட்டிலா! சரி, என் சிக்கல் வேறு. தடித்த அடித்தந்தியில் மெட்டை வாசித்துக்கொண்டே நடுவில் மெல்லிய மேல்தந்திகளை வருடும்போது தாளம் ஓடிவிடுகிறது.

கட்டைவிரல்:
பாதி வேகத்தில் வாசியுங்கள். அப்புறம், காலால் தட்டிக்கொண்டே.