ஒத்தை ரெஃப்ரி ஓட்டுற கீழ் டிவிஷன் ஃபுட்பால் மேட்ச்ல, இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் எது?

டச்லைன் ரசிகன்:
த்ரோ-இன்ல ஆஃப்சைடு (டிஃபென்ஸைத் தாண்டி முன்னாடியே போய் நின்னு பந்து வாங்கற தப்பு) கிடையாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா அன்னிக்குக் கொடி பிடிச்ச பையனுக்குத் தெரியல. கீழ் டிவிஷன்ல லைன்ஸ்மேன்னு தனியா யாரு வரா, பெஞ்ச்ல உக்காந்திருக்கற சப்ஸ்டிட்யூட் கையில ஒரு கொடியைக் குடுத்து ஓட விடறதுதான். ஒண்ணுக்கு ஒண்ணு, மேட்ச் முடியற நேரம், எதிர் டீம் லாங் த்ரோ போடறான், ஃபார்வர்டு டிஃபென்ஸுக்குப் பின்னாடி தனியா நின்னு நெஞ்சுல இறக்கி ஒரே தட்டு, கோல். இந்தப் பக்கம் கொடி விறைப்பா மேல நிக்குது. ரெஃப்ரி திரும்பிக்கூடப் பாக்காம கோல்தான்னு சென்டர் சர்க்கிளைக் காட்டிட்டாரு. மொத்த டீமும் கொடியைக் காட்டிக் கத்துது, பையனும் கொடியை இறக்க மாட்டேங்கறான், அவன் கோச் பின்னாடி நின்னு "எறக்காதடா எறக்காதடா"ங்கறாரு. ரெஃப்ரி நேரா நடந்து வந்தாரு, கையை நீட்டினாரு, கொடியை வாங்கிச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டு "இனி நானே பாத்துக்கறேன் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. குரல் ஏறவே இல்ல. பாக்கி நேரம் பூரா ஆஃப்சைடையும் தானே பாத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் ஓடினாரு. அந்த வயசுல அப்படி ஓடறதை இப்ப நெனச்சாலும் ஒரு மாதிரி இருக்கு. உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

பழைய சென்டர் பேக்:
கோல் சரி, அதுல பேச்சே இல்ல. ஆனா கொடியைப் பிடுங்கினது எனக்குச் சரியா படல. வேணும்னே தலையிடற லைன்ஸ்மேனை ரெஃப்ரி நீக்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பையன் வேணும்னு பண்ணல, கோச் சொன்னதைக் கேட்டான், அவ்வளவுதான். எச்சரிக்கை குடுக்கணும்னா கோச்சுக்குத்தான் குடுத்திருக்கணும்.

என்னோடது அட்வான்டேஜ் பத்தி, அதாவது ஃபவுல் ஆனாலும் விசில் அடிக்காம ஆட்டத்தை ஓட விடறது. எங்க மிட்ஃபீல்டரை ஒருத்தன் பின்னாலேர்ந்து காலோட சேத்து வாரிட்டான், பந்து எப்படியோ எங்க விங்கர்கிட்ட வந்துடுச்சு. ரெஃப்ரி ரெண்டு கையையும் முன்னால நீட்டி "ஆடு, ஆடு"ங்கறாரு. எங்க ஆளுங்க பாதிப் பேரு ஃபவுல் கேட்டு நின்னுட்டாங்க, விங்கர் மட்டும் ஓடிப் போய் கோல் போட்டுட்டான்! அதோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருக்கோம், அவரு அவ்வளவு தூரம் திரும்பி ஓடி, காலை வாரினவன் நம்பரை நெனப்பு வெச்சு யெல்லோ கார்டு காட்டினாரு. அந்தக் கூட்டத்துல யாரு வாரினான்னு எனக்கே தெரியாது, கீழ விழுந்தவனுக்கும் தெரியாது. டிவில நாலு கேமரா பாத்து முடிவு சொல்றாங்க, இவரு ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு அதைப் பண்ணினாரு.

கோல்போஸ்ட் பின்னாடி நிக்கிறவன்:
எனக்கு வலை. ஷாட் வெளியதான் போச்சு, நான் போஸ்டுக்குப் பின்னாடியே நின்னேன், சைடு நெட்ல இருந்த ஓட்டை வழியா உள்ள பூந்து வலைக்குள்ள சுத்துது. ரெஃப்ரி இருந்த கோணத்துல அது கோல்தான், விசில் அடிச்சுட்டாரு. கோல்கீப்பர் அழாத குறையா வலையைப் புடிச்சு இழுத்து இழுத்துக் காட்டறான். அவரு வந்தாரு, குனிஞ்சு வலையைப் பாத்தாரு, ஓட்டைக்குள்ள கையை விட்டாரு, முழங்கை வரைக்கும் போச்சு. அடிச்சவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரு, அவன் தலையைக் குனிஞ்சுட்டான். கோல் இல்ல, கோல் கிக், அதாவது பந்து கீப்பர் டீமுக்கு. கிக்-ஆஃப் எடுத்திருந்தா மாத்தவே முடியாது, ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சுட்டா முடிவு முடிவுதான், அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு இருந்துது. அப்புறம் மேட்சை நிறுத்தி வெச்சு, யாருகிட்டயோ ஸ்பேர் ஷூ லேஸ் வாங்கி அவரே உக்காந்து அந்த ஓட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டினாரு. கட்டற வரைக்கும் ரெண்டு டீமும் ஒரு சத்தம் போடல.

விசில் விரும்பி:
கோல்போஸ்ட் பின்னாடி நண்பரே, வலையை மேட்சுக்கு முன்னாடியே செக் பண்ணியிருந்தா அந்தப் பிரச்சனையே வந்திருக்காது, அது ரெஃப்ரி வேலைதான். என் கதை சின்னது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக், இன்னொருத்தர் மேல படாம நேரா போனா கோல் ஆகாது, அதுக்கு அடையாளமா ரெஃப்ரி கை நேரா மேல இருக்கு, நேரா அடிச்சான், யார் மேலயும் படாம உள்ள போச்சு, கோல் இல்லன்னுட்டாரு. பெரிய ரகளை, ஒருத்தன்கூட அந்தக் கையைப் பாக்கல.

அதனால சொல்றேன், மேட்ச் பாக்கப் போறவங்க முதல்ல கொஞ்ச நேரம் பந்தை விட்டுட்டு ரெஃப்ரியைப் பாருங்க. லைன்ஸ்மேன் ரெண்டு பேரு இருந்தா அவரு மூலைக்கு மூலை குறுக்காதான் ஓடுவாரு, பந்தையும் லைன்ஸ்மேனையும் ஒண்ணா பாக்கறதுக்கு. தனியா இருந்தா டச்லைன் பக்கம் ஒதுங்கி நிப்பாரு, ஏன்னா ஆஃப்சைடு லைனை வேற யாரு பாப்பா. "பந்துகிட்டயே இல்லாம அங்க என்ன பண்றான்"னு கத்தறோம்ல, அவரு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்காரு. ஹேண்ட்பால்னு கத்தறதுக்கு முன்னாடி கை எங்க இருந்துதுன்னு பாருங்க, கையில பட்டாலே ஃபவுல்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கோல் கிக்ல இப்ப பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளிய வரணும்னு கட்டாயம் இல்ல, 2019-ல மாத்திட்டாங்க. கீப்பர் பந்தைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா 2025 ஜூலைலேர்ந்து 8 செகண்ட்தான், மீறினா எதிர் டீமுக்குக் கார்னர். கடைசி 5 செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்ல எண்ணிக் காட்டணும், அதையும் பாருங்க. இன்னொண்ணு, முக்கியமானது, தப்பான முடிவுன்னு தோணினா அவரு முகத்தை வீடியோ எடுத்துப் போடாதீங்க, மறுநாள் அவருக்கும் வேலைக்குப் போகணும். கேப்டனை விட்டுக் கேக்கச் சொல்லுங்க, மரியாதையா கேட்டா பெரும்பாலான ரெஃப்ரிங்க ஒரு வரில பதில் சொல்லுவாங்க.

மழைக்கால ஆட்டக்காரன்:
அட்வைஸ் நல்லாதான் இருக்கு, ஆனா கத்தறவங்க இதையெல்லாம் படிக்கப் போறதில்ல சார்.

நான் பாத்தது ஒரு சின்னப் பையன் ரெஃப்ரி, இன்னும் மீசைகூட சரியா வரல. கொட்டற மழை. பெனால்டி குடுக்கலன்னு கோச் கோட்டைத் தாண்டி உள்ளயே வந்துட்டாரு, மூக்குக்கு நேரா விரலை நீட்டி, வீட்ல இருக்கறவங்களை எல்லாம் இழுத்துத் திட்டறாரு. பையன் ஒரு அடிகூடப் பின்னால போகல. பாக்கெட்லேர்ந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்தான், மழையில பேனா எழுதாதுன்னு தெரிஞ்சு பென்சில் கொண்டு வந்திருக்கான் பாருங்க. "உங்க பேரு சொல்லுங்க சார்"னு கேட்டு, எழுதி, அப்புறம்தான் ரெட் கார்டு. 2019-லேர்ந்து கோச்சுக்கும் கார்டு காட்டலாம்னு அந்தாளுக்கே தெரியாதுபோல, வாயைத் திறந்தபடி நிக்கறாரு. அவரு டீம் கேப்டன்தான் தோளைப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனான்.

என்னை உறுத்தறது என்னன்னா அதுக்கப்புறம் அந்தப் பையனை எந்த மேட்ச்லயும் பாக்கல. அடுத்த சீசன் ரெஃப்ரி கிடைக்கலன்னு மேட்சைத் தள்ளி வெச்சாங்க. தள்ளி வெச்சதுல அதிகமா சத்தம் போட்டது யாருன்னு நெனக்கறீங்க, அதே கோச். இங்கிலாந்துல 2019-20 சீசன்லேர்ந்து கீழ்மட்ட ஆட்டத்துல ரெஃப்ரியை எதிர்த்துப் பேசினா ஆட்டக்காரனை 10 நிமிஷம் வெளிய உக்கார வெக்கறாங்க. எல்லா இடத்துலயும் அது வரணும், கோச்சுக்கும் சேத்து.

பழைய சென்டர் பேக்:
மழைக்காலம் சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன். விசில் விரும்பி, உங்ககிட்ட ஒண்ணு. வலையை முன்னாடியே செக் பண்ணலன்னு எப்படி முடிவு பண்ணீங்க? முதல் பாதில ஒருத்தன் ஷூ மாட்டிக் கிழிஞ்சிருக்கலாம், பந்து அடிச்சே அறுந்திருக்கலாம். அங்க இல்லாமலே ரெஃப்ரி மேல பழியைப் போடற இந்தப் பழக்கத்தைத்தான் நீங்களே கத்தாதீங்கன்னு சொல்றீங்க.

விசில் விரும்பி:
சரி, அந்த வரியை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கொடி விஷயத்துல நீங்க சொன்னதை ஒத்துக்க மாட்டேன். பையன் பாவம்தான், ஆனா கொடி அவன் கையில இருக்கற வரைக்கும் கோச் அதை வெச்சு ஆடிக்கிட்டேதான் இருந்திருப்பாரு, வாங்கினதுதான் சரி.