புதுப்பிப்பு: அம்பாசடர் பானெட் கீல் மாற்றியாச்சு

போன பதிவில் கேட்டிருந்தேன்: பானெட் ஆடுது, மூடும்போது இடது ஓரம் மட்கார்டு பெயின்ட்டை உரசுது, கீல்தான் காரணமா என்று. ஆமாம், கீலேதான்.

கழற்றிப் பார்த்தால் கீலின் பின் (அது சுழல்கிற இரும்புக் கம்பி) ஒரு பக்கமாகத் தேய்ந்து, அது நிற்கிற துளையும் நீள்வட்டமாகியிருந்தது. வெறும் பின்னை மாற்றினால் ஆட்டம் போகாது. கிடைத்த புதுக் கீலின் தகடு மெலிசாக இருந்ததால் எனக்கு மனசு வரலை. பழையதையே லேத் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (துளைக்குள் உட்காரும் சின்னக் குழாய்) அடித்து, புதுப் பின் போட்டேன். மேற்கு வங்க உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரான வண்டி. பழைய இரும்பைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றத்தான் வேண்டும்.

செய்யப்போறவங்களுக்கு: போல்ட்டைத் தொடுவதற்கு முன் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்க. கண்ணாடிக்குக் கீழே கனமான போர்வை, தூக்க இன்னொரு ஆள், இரண்டும் கட்டாயம். மாட்டும்போது போல்ட்டை லேசாக முறுக்கி, மெதுவாக மூடி, இரண்டு பக்க இடைவெளியும் சரியான பிறகே இறுக்குங்க. பூட்டைத் தொடுவது கடைசி வேலை.

இப்போ உரசல் இல்லை. மட்கார்டுக்கு டச்-அப் மட்டும் பாக்கி.